நூலும் நாரையும்

நூற்பாலையில் ரிங் ஃபிரேமுக்கு (நூலை முறுக்கிச் சுற்றும் மிஷின்) வேலைக்கு வந்தபோது எனக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. இப்போது நரைத்தே விட்டது. 40ஆம் நம்பர் நூல் என்றால், ஒரு பவுண்டு எடையில் 40 சிட்டம், அதாவது நூல் சுருள். சிட்டத்துக்கு 840 கஜம். அவ்வளவு மெல்லிசு. இழை அறுந்தால் நூல் சுற்றும் கதிரைப் பிடித்து நிறுத்தி, நொடியில் ஒட்ட வேண்டும். கண்ணைவிட விரலுக்குத்தான் அந்த வேலை தெரியும். மிஷின் சத்தத்தில் எங்களுக்குள் பாதிப் பேச்சு கைஜாடைதான். (அந்தப் பழக்கத்தில் வீட்டில் கத்திப் பேசுகிறேனாம்!)

போன வருடம் பைபாஸ் ஆபரேஷன். ஷிப்டு பையன்கள் முறை வைத்து ராத்திரி துணைக்கு இருந்தார்கள். "சும்மா படுங்க அண்ணாச்சி, மிஷின் எங்கயும் ஓடிப் போகாது" என்று அதட்டல் வேறு. ரத்தம் கொடுத்தவன் யாரென்று இன்றுவரை சொல்லவில்லை, பாவிகள்.

லீவு கிடைத்தால் பைக் நாங்குநேரி வட்டாரத்துக் கூந்தன்குளத்துக்குத்தான் போகும். 1994இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்த ஊர். தெருவோர மரங்களிலேயே மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டும். பறவைகளுக்காக ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்தும் வரும்.

இந்த சீசனுக்குப் பையன்களையும் கூட்டிப் போகிறேன். பைனாகுலர் ஒன்றுதான் இருக்கிறது, அடிதடி ஆகாமல் இருக்க வேண்டும்.