கறிமிளகாய் அச்சாறு, இரண்டாம் முயற்சி

திருநெல்வேலிச் சந்தையில் நேற்றுக் கறிமிளகாய் மலிவாகக் கிடைத்ததால், ஒரு கிலோ வாங்கி வந்து இனிப்பும் உறைப்புமாக அச்சாறு போட்டேன். கறிமிளகாயில் உறைப்புக் குறைவு என்பதால் கால் கிலோ பச்சைமிளகாயும் சேர்த்தேன். உறைப்பு விதையில்தான் இருக்கிறது என்று எங்கள் வீட்டில் இன்னமும் வாதாடுகிறார்கள். உண்மையில் விதைகள் ஒட்டியிருக்கும் வெள்ளைத் தசையிலேயே அது உருவாகிறது, ஆகவே அதைப் பாதி மட்டும் சுரண்டி எடுத்தேன்.

வட்டமாக அரிந்த மிளகாயில் உப்பைத் தூவி 2 மணித்தியாலம் வைத்து, ஊறிய நீரை வடித்து, பருத்தித் துணியில் பரப்பி நன்றாக உலர விட்டேன். சென்ற வருடம் அவசரத்தில் இந்த ஒரு வேலையைத் தவிர்த்ததன் பலனாக, பத்தாம் நாள் போத்தலின் கழுத்தில் வெண்பூஞ்சணம் பஞ்சு போலப் படர்ந்து, முழுவதையும் கொட்ட நேர்ந்தது. சீனி விலையை நினைத்து அன்று பட்ட கவலையை இங்கே எழுத விரும்பவில்லை.

அலுமினியத்தை வினாகிரி அரிக்கும் என்பதால் எவர்சில்வர் பாத்திரத்தில் 3 கோப்பை வினாகிரி, ஒன்றரைக் கோப்பை சீனி, அரைத்த கடுகு, இஞ்சி, உள்ளி ஆகியவற்றைக் கொதிக்க வைத்தேன். புளிப்புக் குறைந்தால் பழுதாகும் என்பதால் ஒரு சொட்டு நீரும் கலக்கவில்லை. கொதித்து இறக்கிய சூட்டுடனேயே, அவித்து உலர்த்திய கண்ணாடிப் போத்தல்களில் மிளகாயை நிரப்பி அதன் மேல் ஊற்றி, ஆறியபின் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன்.

இரண்டு வாரமாவது ஊற வேண்டும். ஆனால் இன்று காலை ஒரு போத்தல் பாதியாகிவிட்டது. புட்டுடன் தொட்டுக்கொண்டது யார் என்பதை வீட்டில் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.