26 வயசு வேட்பாளருக்கு செலவுக் கணக்கு எழுதின அனுபவம்

ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்குறவனுக்கு மார்ச் மாசம்னா மூச்சு விட நேரம் இருக்காது, வருஷக் கடைசி. அந்த மாதிரி ஒரு மார்ச்லதான், 2024ல, லோக்சபா எலெக்‌ஷன்ல நின்ன ஒரு சுயேச்சைக்கு செலவுக் கணக்கு பாத்துக் குடுக்குறேன்னு ஒத்துக்கிட்டேன். தென் மாவட்டத்துல ஒரு தொகுதி, பேரு வேண்டாம். வேட்பாளருக்கு வயசு 26, கோர்ட்ல பிராக்டிஸ் பண்ற பொண்ணு, இதுக்கு முன்னாடி வார்டு எலெக்‌ஷன்ல கூட நின்னதில்ல. எதிர்ல சிட்டிங் எம்.பி. முடிவையும் இப்பவே சொல்லிடுறேன், டெபாசிட் போச்சு. தமிழ்நாட்டுல 39ம் ஒரே கூட்டணிக்குப் போன வருஷம் அது, இதுல சஸ்பென்ஸ் வைக்க ஒன்னும் இல்ல.

எம்.பி. எலெக்‌ஷன்ல ஒரு வேட்பாளர் 95 லட்சம் வரைக்கும் செலவு பண்ணலாம்னு சட்டம் சொல்லுது. வெளிய இருந்து பாக்குறவங்க அதைக் கேட்டா சிரிப்பாங்க, பெரிய கட்சிக்காரன் ஒரு நாள்ல செலவு பண்றதே அவ்வளவு வரும்னு. எங்களுக்கு வேற மாதிரி சிரிப்பு வந்துச்சு, ஏன்னா அந்த லிமிட் பக்கத்துல போகவே எங்களால முடியாது. ஆனா செலவு கம்மியா இருந்தா கணக்கு எழுதுற வேலையும் கம்மியா இருக்கும்னு நினைச்சா அதுதான் கிடையாது. மனு போடுறதுக்கு ஒரு நாள் முன்னாடியாவது தேர்தலுக்குன்னு தனி பேங்க் அக்கவுண்ட் தொடங்கணும், எல்லா செலவும் அது வழியாத்தான் போகணும், ஒரு ஆளுக்கு ரொக்கமா மொத்தமே பத்தாயிரம்தான் குடுக்கலாம், அதுக்கு மேலன்னா செக்கோ டிரான்ஸ்ஃபரோதான். எங்க மைக்செட்காரருக்கு செக்னாலே ஆகாது, "பேங்க்ல போட்டா என் வீட்டம்மா எடுத்துரும் சார்"னு நெஜமாவே சொன்னாரு.

ரிஜிஸ்டர் மூணு கலர்ல குடுப்பாங்க. வெள்ளைப் பக்கம் தினசரி செலவுக்கு, பிங்க் ரொக்கத்துக்கு, மஞ்சள் பேங்குக்கு. அது போக டீ, சாப்பாடு, சேர் வாடகை, கொடி, துண்டு, கார் வாடகைன்னு எல்லாத்துக்கும் மாவட்டத் தேர்தல் அலுவலகத்துல ஒரு விலைப்பட்டியல் போட்டு வச்சிருப்பாங்க. வேட்பாளரோட சித்தப்பா தன்னோட காரை சும்மாதான் குடுத்தாரு, டிரைவரும் அவரேதான், ஆனா சும்மான்னு எழுத முடியாது, பட்டியல்ல இருக்குற வாடகையைப் போட்டு செலவாக் காட்டணும். "ஏன்யா எங்க அண்ணன் மகளுக்கு நான் காரை வாடகைக்கா விட்டேன்"னு அவருக்குக் கோபம், கையெழுத்தே போட மாட்டேன்னுட்டாரு. இதுக்கு நடுவுல தேர்தல் கமிஷனோட செலவுப் பார்வையாளர் டீம் தனியா ஒரு நிழல் ரிஜிஸ்டர் எழுதிட்டு வருவாங்க, கூட்டத்துக்கு வீடியோ கேமராவோட வந்து சேரை எண்ணுவாங்க, நம்ம கணக்கும் அவங்க கணக்கும் ஒத்துப் போகலன்னா நோட்டீஸ். எங்க கூட்டத்துக்கு வந்தவங்களுக்கு எண்றதுக்குப் பெருசா வேலை இல்ல, அது வேற விஷயம்.

மனு தாக்கல் மார்ச் 20ல இருந்து 27 வரைக்கும். அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒரே ஒரு ஆள் முன்மொழிஞ்சா போதும், சுயேச்சைன்னா 10 பேரு வேணும், அத்தனை பேரும் அந்தத் தொகுதி வாக்காளரா இருக்கணும், பாகம் எண் வரிசை எண் எல்லாம் சரியா இருக்கணும். வேட்பாளர் வக்கீலா இருந்ததால, சொத்து, வழக்கு விவரம் எல்லாம் சொல்ற அபிடவிட்ல ஒரு கட்டம் கூட காலியா விடாம, இல்லாததுக்கு எல்லாம் இல்லைன்னு எழுதிக் கொண்டு வந்துட்டாங்க. 25,000 டெபாசிட்டும் கட்டியாச்சு. சின்னத்துக்குத்தான் காத்துக்கிடக்கணும். மூணு சின்னம் விருப்ப வரிசையில எழுதிக் குடுத்தோம், வாபஸ் முடிஞ்ச மார்ச் 30 அன்னைக்குத்தான் தையல் மெஷின்னு உறுதியாச்சு. ஏப்ரல் 17 சாயங்காலம் ஆறு மணியோட பிரச்சாரம் ஓவர், 19 ஓட்டு. அதாவது மூணு வாரம் கூட இல்லாம ஆறு சட்டமன்றத் தொகுதிக்கு ஒரு சின்னத்தைக் கொண்டு போய் சேக்கணும். எதிர்ல இருக்குறவங்க சின்னத்தை பாட்டி காலத்துல இருந்து சுவத்துல பாத்துப் பழகியிருக்காங்க. ராமநாதபுரத்துல ஓ.பன்னீர்செல்வமே அந்தத் தடவை சுயேச்சையா பலாப்பழத்தைக் காட்டி ஓட்டுக் கேட்டாரு, அதுவும் அவர் பேருலயே இன்னும் சில பன்னீர்செல்வங்க லிஸ்ட்ல நிக்கும்போது, ஆனாலும் ரெண்டாவது இடம் வந்தாரு. முன்னாள் முதல்வர் முகம் எல்லாருக்கும் தெரியும், எங்க பொண்ணு முகம் தெரு தாண்டினா தெரியாது.

பேச்சு விஷயத்துல ஒரு நாள் எங்களுக்குள்ள சண்டையே வந்துச்சு. எம்.பி.க்குத் தொகுதி வேலைக்காக ஒதுக்குற எம்.பி. நிதி வருஷத்துக்கு 5 கோடி, அஞ்சு வருஷத்துக்கு 25 கோடி எங்க போச்சுன்னு கேட்டு நோட்டீஸ் அடிக்கணும்னு கூட இருந்த பசங்க சொன்னாங்க, கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் நிறுத்தச் சொன்னேன். கொரோனாவுக்காக 2020 ஏப்ரல்ல மத்திய அரசு அந்த நிதியையே நிறுத்தி வச்சு, 2021 நவம்பர்லதான் திரும்ப விட்டாங்க, அந்த வருஷத்தோட மிச்ச மாசங்களுக்கு 2 கோடி மட்டும். அப்போ 25 கோடின்னு அடிச்சா எதிர்த்தரப்பு ஒரே பதில்ல முடிச்சிரும். "மக்களுக்கு அதெல்லாம் எங்கண்ணே தெரியப் போகுது"ன்னாங்க பசங்க. வேட்பாளர் ஒரு ராத்திரி யோசிச்சிட்டு நோட்டீஸ் வேண்டாம்னுட்டாங்க. எனக்கு அன்னைக்குத்தான் இந்தப் பொண்ணு மேல மரியாதை வந்துச்சுன்னு சொல்லணும். தேர்தல் நடத்தை விதி வந்ததும், எம்.பி. நிதியில கட்டின பஸ் நிழற்குடையில எம்.பி. பேரை எல்லாம் பேப்பர் ஒட்டி மறைச்சிருந்தாங்க, ஆனா பஸ்ஸுக்கு நிக்கிற அத்தனை பேருக்கும் அந்தப் பேப்பருக்குப் பின்னாடி யாரு பேருன்னு தெரியும்.

அதே நேர்மைதான் தெருவுல ஓட்டைக் கெடுத்துச்சு. சாக்கடை அடைச்சிருக்குன்னு ஒரு அம்மா சொன்னா, "அது எம்.பி. வேலை இல்லம்மா, நகராட்சியில மனு குடுக்கணும், நான் எழுதித் தரேன்"னு இவங்க நின்னு விளக்குவாங்க. சிட்டிங் எம்.பி. வண்டியில இருந்தே "பாத்துக்கலாம்மா"ன்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போயிருவாரு. ரெண்டு பேருல யாரு நல்லா பேசினாங்கன்னு அந்த அம்மாகிட்ட கேட்டா யாரைச் சொல்லும்னு உங்களுக்கே தெரியும்.

அதை விட அதிகமா காதுல விழுந்த கேள்வி, "நீ யாரு மக?" ஊருக்கு ஊரு இதே கேள்வி. ஆரம்பத்துல எரிச்சலாத்தான் இருந்துச்சு, அப்புறம் ரிசல்ட் வந்த பிறகு யோசிச்சுப் பாத்தா கேட்டவங்க ஒன்னும் வெவரம் இல்லாம கேக்கல. அந்த எலெக்‌ஷன்ல சிட்டிங் எம்.பி.யைத் தோக்கடிச்ச சின்ன வயசுக்காரங்க இருக்காங்களே, உ.பி.ல கௌசாம்பியில புஷ்பேந்திர சரோஜ் 25 வயசுல ஒரு லட்சத்துக்கு மேல வித்தியாசத்துல ஜெயிச்சாரு, அப்பா இந்திரஜித் சரோஜ் முன்னாள் மந்திரி. மச்லிஷகர்ல பிரியா சரோஜ், அதே 25 வயசு, அப்பா தூஃபானி சரோஜ் மூணு தடவை எம்.பி. கர்நாடகாவுல பீதர்ல மத்திய மந்திரியா இருந்த பகவந்த் கூபாவை ஜெயிச்ச சாகர் கண்ட்ரேக்கு 26 வயசு, அப்பா ஈஸ்வர் கண்ட்ரே மாநில மந்திரி. இவங்க திறமை இல்லாதவங்கன்னு நான் சொல்லல. பேப்பர்ல இளைஞர் அலைன்னு எழுதினாங்க, கணக்கு எழுதினவன் பார்வையில அது அப்பாவும் கட்சியும் இருபது முப்பது வருஷமா சேத்து வச்ச ஆள் பலம், எந்த ரிஜிஸ்டர்லயும் ஏறாத செலவு. ராஜஸ்தான் பார்மேர்ல ரவீந்திர சிங் பாட்டின்னு ஒரு 26 வயசு இளைஞர், சுயேச்சையா நின்னு மத்திய மந்திரியை மூணாவது இடத்துக்குத் தள்ளினாரு, அஞ்சே முக்கால் லட்சத்துக்கு மேல ஓட்டு வாங்கினாரு, அவ்வளவு வாங்கியும் ஜெயிக்கல. அவரும் அதுக்கு முந்தின டிசம்பர்லதான் எம்.எல்.ஏ. ஆனவரு, கையில ஒரு தொகுதி ஆளுங்க இருந்தாங்க.

ஆள்னு நான் எதைச் சொல்றேன்னு ஏப்ரல் 19 காலையில நின்னு பாத்திருந்தா புரியும். ஏழு மணிக்கு ஓட்டுன்னா அஞ்சரைக்கே மாதிரி வாக்குப்பதிவு, 50 ஓட்டாவது போட்டுக் காட்டுவாங்க, அதுக்கு நம்ம ஏஜெண்ட் உள்ள உக்காந்திருக்கணும். சாயங்காலம் முடிஞ்சதும் 17சி ஃபார்ம்ல எத்தனை ஓட்டு பதிவாச்சுன்னு எழுதி ஏஜெண்ட்டுக்குத்தான் காப்பி குடுப்பாங்க. ஆளே இல்லாத பூத்துல காப்பி யாரு வாங்குறது? ஒரு எம்.பி. தொகுதின்னா ஆயிரத்தைநூறு பூத்துக்கு மேலயே வரும், எங்களுக்கு அதுல கால்வாசிக்குக் கூட ஆள் இல்ல. வெளிய 200 மீட்டர் தள்ளி ஒரு டேபிள் ரெண்டு சேர் போட்டுக்கலாம்னு அப்போ விதி இருந்துச்சு, பல இடத்துல எங்க டேபிளே இல்ல. சிட்டிங் எம்.பி. பக்கம் பாத்தா பூத்துக்குப் பூத்து ஆள், அவங்களுக்கு மாத்து ஆள், சாப்பாடு கொண்டு வர இன்னொரு ஆள், யாரு இன்னும் ஓட்டுப் போட வரலன்னு தெரு வாரியா டிக் அடிக்க ஒரு அக்கா. அந்த அக்காவுக்கு காசு குடுத்திருப்பாங்கன்னு சொல்றது ஈசி. ஆனா காசு வாங்கின ஒரே நாள்ல எந்த வீட்டு மருமக பிரசவத்துக்குப் போயிருக்கான்னு ஒருத்தருக்குத் தெரிஞ்சிராது.

அப்புறம் ஜூன் 4 வரைக்கும் ஒன்றரை மாசம் சும்மா காத்திருப்பு. எண்ணிக்கைக்கு ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 14 டேபிள்னு வச்சா ஆறுக்கு 84 ஆள் அனுப்பணும், நாங்க அனுப்புனதைச் சொன்னா சிரிப்பீங்க. பத்து மணிக்கே தெரிஞ்சு போச்சு. வேலை மட்டும் முடியல. ரிசல்ட் வந்து 30 நாளுக்குள்ள முழு செலவுக் கணக்கும் போகணும், போகலன்னா மூணு வருஷம் எந்த எம்.பி., எம்.எல்.ஏ. எலெக்‌ஷன்லயும் நிக்க முடியாதபடி தகுதி நீக்கம் பண்ணலாம். தோத்தவங்க நிறைய பேரு இதைக் கண்டுக்கிறதே இல்ல. இவங்க மட்டும் ஒரு டீ பில்லு காணோம்னு தேடி எடுத்துட்டு வந்தாங்க, சித்தப்பாவையும் சமாதானப்படுத்தி கார் வாடகைக்குக் கையெழுத்து வாங்கிட்டாங்க.

கணக்கைக் குடுத்துட்டு வரும்போது, அடுத்து வார்டுல நில்லுங்கம்மா, கவுன்சிலரா அஞ்சு வருஷம் இருந்தா பூத்துக்கு ஆள் தானா சேரும்னு சொன்னேன். இப்பவும் எனக்கு அதுதான் சரின்னு படுது. "வார்டுல மட்டும் நீ யாரு மகன்னு கேக்க மாட்டாங்களாண்ணே, அங்கதான் இன்னும் அதிகமா கேப்பாங்க"ன்னாங்க. அது பத்தி எங்களுக்குள்ள இன்னும் வாக்குவாதம் முடியல, போன வாரம் கூட போன்ல அரை மணி நேரம் ஓடுச்சு.