என் புடவைக்கு என்னிடமே பிடித்தம்

சம்பள பாக்கியும் புடவைகளும் போன வாரம்தான் கைக்கு வந்தன. ஏழு மாத அலைச்சல். அம்மா, அத்தை வேடம் கட்டுகிற மற்றவர்களுக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

12 நாள் கால்ஷீட், பேசியது 60,000, அட்வான்ஸ் 15,000. படப்பிடிப்பில் குறையில்லை. முதல் நாளே மேனேஜர், "அக்கா, கம்பெனி புடவை உங்களுக்கு எடுப்பா இல்ல, உங்களுதையே கொண்டு வந்துடுங்க, வாடகை போட்டுத் தர்றேன்" என்றார். மூன்று புடவை கொடுத்தேன். கண்டினியூட்டிக்கு, அதாவது தொடர்ந்து வரும் காட்சிகளில் உடை மாறாமல் இருக்க, வேண்டும் என்று உடைகளைக் கவனிக்கிற காஸ்ட்யூமரே வைத்துக்கொண்டார். எழுதி வாங்காதது முதல் தப்பு, பாக்கி வாங்காமல் டப்பிங் முடித்துக் கொடுத்தது அதைவிடப் பெரிய தப்பு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், டப்பிங் முடிந்தால் நம் போனை எடுக்க ஆள் இருக்காது.

கடைசியில் 32,000-க்கு ஒரு காசோலை வந்தது. 'உடை செலவு' என்று 13,000 பிடித்தம்! என் புடவையை நான் உடுத்தியதற்கு! அந்தக் காசோலையும் கணக்கில் பணமில்லாமல் திரும்பியது.

வங்கியில் காசோலையை மட்டும் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வளசரவாக்கத்திலிருந்து பாரிமுனை வரை வக்கீலைத் தேடிப் போனால், "ரிட்டர்ன் மெமோ எங்கேம்மா?" என்கிறார். காசோலை ஏன் திரும்பியது என்று வங்கி எழுதித் தரும் சீட்டு அது. அதற்காக மறுபடி வங்கி, இன்றைக்கு வா நாளைக்கு வா என்று நாலு நடை. திரும்பிய தகவல் தெரிந்த 30 நாளுக்குள் காசோலை கொடுத்தவர்களுக்கு நோட்டீஸ் போக வேண்டும், நான் அனுப்பியது 26-ஆம் நாள். நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 15 நாள் அவர்களுக்கு அவகாசம், அதிலும் தராவிட்டால் ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார் கொடுக்க வேண்டும். 13-ஆம் நாள் பணம் வந்துவிட்டது.

ஆனால் அந்த நோட்டீஸில் காசோலைத் தொகையைத்தான் கேட்க முடியும். பிடித்த 13,000-க்கு சங்கத்தில் பஞ்சாயத்து. உள்ளே போகும்முன் கை நடுங்கியது. தமிழிலும் 'சாவித்திரி' படத்தில் நடித்த அந்தக் கால நடிகை சாந்தா ஆப்தே, 1939-ல் பிரபாத் ஸ்டுடியோ வாசலிலேயே உண்ணாவிரதம் உட்கார்ந்தவர், அவரை நினைத்துக்கொண்டுதான் போனேன். மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர் போட்ட பட்டு, கம்பெனி வாங்கியதுதான் என்று சாதித்தார்கள். மகளின் வளைகாப்பு போட்டோவை எடுத்து மேஜையில் வைத்தேன், படப்பிடிப்புக்கு நாலு வருடம் முந்தையது, பக்கத்தில் உதவி இயக்குநர் எடுத்த கண்டினியூட்டி போட்டோ. இரண்டிலும் அதே புடவை. மேனேஜர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்றைக்கே பணத்தைத் தர ஒத்துக்கொண்டார்கள்.

அந்தப் பட்டுதான் ஃபால்ஸ் கிழிந்து, தோள் மடிப்பில் பேன்கேக் மேக்கப் அப்பி வந்திருக்கிறது. சலவைக்காரர் போகாது என்றுவிட்டார். வாடகை இன்னும் வரவில்லை, அதற்கும் கடிதம் எழுதியாயிற்று.