எம்2 வாங்க நான் காத்திருந்த இரண்டரை வருடம்

2023 மே மாதம் பிஎம்டபிள்யூ எம்2 கார் இந்தியாவுக்கு வந்தபோது ஷோரூம் விலை 98 லட்சம் என்று அறிவித்தார்கள். மூன்று லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர், 460 குதிரைத்திறன், பின்சக்கர ஓட்டம். கேட்டு வாங்கினால் ஆறு கியர் மேனுவல். அன்று ராத்திரியே பவுண்டரி டெலிவரி சலான் ஒன்றின் பின்பக்கத்தில் கணக்குப் போட ஆரம்பித்தேன். அந்தக் கணக்கு முடிந்து கார் என் வீட்டு வாசலுக்கு வந்தது 2025 நவம்பரில். இடையில் விலை எத்தனையோ முறை ஏறி இறங்கியது. யாராவது இதே யோசனையில் இருந்தால் உதவட்டும் என்று முழுசாக எழுதுகிறேன்.

கோவையில் பம்ப்செட்டுக்கு வார்ப்பு ஊற்றும் சின்ன பவுண்டரி என்னுடையது. சின்ன வயதில் அப்பா சோழவரம் ரேஸுக்குக் கூட்டிப்போனார். பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயம் அது. எந்தக் கார் ஜெயித்தது என்பது மறந்துவிட்டது, அந்தச் சத்தம் மறக்கவில்லை. பிறகு செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே வந்தது. ஃபார்முலா மாருதி கார்களைக் கட்டிய எஸ். கரிவரதன் பெயரில் அமைந்த தடம். ஞாயிற்றுக்கிழமைகளில் வேலியோரம் நின்று எத்தனையோ பந்தயம் பார்த்திருக்கிறேன். ஒரு நல்ல மேனுவல் காரை, கை கால் நன்றாக இருக்கும்போதே ஓட்டிவிட வேண்டும் என்ற ஆசை அங்கே வளர்ந்தது.

முதல் தவறு 2023லேயே நடந்தது. அப்போது தமிழ்நாட்டில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 15 சதவீதம். 98 லட்சத்துக்கு 14.7 லட்சம் வரி, இன்சூரன்ஸ், ஒரு சதவீத டிசிஎஸ் (விற்பவர் வசூலித்து வருமான வரித்துறைக்குக் கட்டும் வரி) எல்லாம் சேர்த்து சுமார் 1.18 கோடி வந்தது. "வருசக் கடைசியில ஏதாவது தள்ளுபடி வரும், பொறுப்போம்" என்று நினைத்தேன். நவம்பரில் வரி விகிதம் மாறியது. இருபது லட்சத்துக்கு மேல் 20 சதவீதம். ஒரே இரவில் அதே காருக்கு 4.9 லட்சம் கூடிவிட்டது. கம்பெனி ஒரு ரூபாய்கூட ஏற்றவில்லை. நான் ஷோரூம் விலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன், மாறியது வேறு இடத்தில்.

2024 முழுக்க இறங்கும் இறங்கும் என்று காத்தேன். வருசக் கடைசியில் 480 குதிரைத்திறனோடு புதுப்பித்த எம்2 வந்தது, விலை 1.03 கோடி. கூடுதல் இருபது குதிரை எனக்குத் தேவையே இல்லை. 460ஐ முழுசாகப் பயன்படுத்த அவிநாசி ரோட்டில் எங்கே இடம் இருக்கிறது?

அப்போதுதான் பழைய கார்ச் சந்தை பக்கம் திரும்பினேன். இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் ஏமாறும் இடம் இது. வெளிமாநிலக் கார்கள் ஐந்தாறு லட்சம் மலிவாகக் கண்ணில் படும். அதை இங்கே கொண்டுவந்தால் அந்த ஊர் ஆர்டிஓவிடம் என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்கி, காரின் வயதுக்கேற்ப இங்கே மறுபடி வரி கட்டி, எண் மாற்ற வேண்டும். அங்கே கட்டிய வரியைத் திரும்பப் பெற தனியாக அலைய வேண்டும். நான் இரண்டு கார்களுக்கு உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். மிச்சம் என்று நினைத்தது மிச்சமாக இல்லை. பாண்டிச்சேரி முகவரியில் பதிவு செய்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். நான் குடியிருப்பது கோவையில். பொய் முகவரி எழுதி ஓட்டும் காரில் எனக்கு நிம்மதி இருக்காது, அந்தப் பேச்சை அங்கேயே விட்டேன். தமிழ்நாட்டுப் பதிவு, ஆயுள் வரி கட்டிய கார், மேனுவல், முதல் உரிமையாளர். இந்த நான்கையும் விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். மேனுவல் என்றதும் தேடலில் முக்கால்வாசி கார்கள் கழிந்துபோயின.

2025 ஜூலையில் சென்னையில் ஒன்று கிடைத்தது. 2023 ஆகஸ்ட் பதிவு, 11,000 கிலோமீட்டர். சொந்தக்காரர் ஒரு மருத்துவர். முதுகுவலி, சென்னை நெரிசலில் கிளட்ச் மிதிக்க முடியவில்லை என்றார். 94 லட்சம் கேட்டார். பதிவுத் தேதியைப் பார்த்ததும் மனசு துள்ளியது. வரி உயர்வதற்கு முன்னால் 15 சதவீதத்தில் பதிவான கார். 2023ல் நான் தவறவிட்டது இதில் கட்டி முடிந்திருந்தது.

அம்மா "ஆடி போகட்டும் கண்ணு, அப்பறம் பேசு" என்றார். அம்மா பேச்சை நான் தட்டுவதில்லை. ஆடி முடிய ஒரு நாள் இருக்கும்போது, ஆகஸ்ட் 15 அன்று, செங்கோட்டை உரையில் ஜிஎஸ்டி மாற்றம் வரப்போகிறது என்று பிரதமர் அறிவித்தார். அதன்பின் கார்ச் சந்தையே உறைந்துபோனது. புதுக் கார் வாங்க வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் போனார்கள். ஷோரூம்களில் செஸ் (ஜிஎஸ்டிக்கு மேல் போட்ட கூடுதல் வரி) கட்டி எடுத்து வைத்திருந்த ஸ்டாக் தேங்கியது. அந்த செஸ் தொகையை ஜிஎஸ்டியில் கழிக்க வழியில்லை என்பதால் விற்பனையாளர்கள் பட்ட பாட்டை நேரில் பார்த்தேன். ஒரு ஷோரூமில் விற்பனைப் பையன், "சார், இப்ப பில் போடாதீங்க, உங்களுக்குத்தான் நஷ்டம்" என்று உண்மையைச் சொன்னான். அந்தப் பையன் நன்றாக இருக்க வேண்டும்.

செப்டம்பர் 3ல் ஜிஎஸ்டி கவுன்சில் முடிவு வந்தது. 22லிருந்து அமல். எம்2 மாதிரி 1500 சிசிக்கு மேற்பட்ட பெட்ரோல் காருக்கு அதுவரை 28 சதவீத ஜிஎஸ்டியும் 20 சதவீத செஸ்ஸும், மொத்தம் 48. இனிமேல் 40 மட்டும். எட்டு சதவீதம் குறைகிறது என்று எல்லோரும் பேசினார்கள். கணக்கு அப்படி வராது. 148 ரூபாயாக இருந்தது 140 ஆகிறது. அதாவது ஐந்தரை சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. 1.03 கோடியில் ஐந்தரை லட்சம் குறையும். அதன்மேல் போடும் 20 சதவீத ஆயுள் வரியிலும் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் குறையும். எல்லாம் சேர்த்துப் புதுக் கார் 1.22 கோடிக்கு வந்துவிடும் என்று எனக்குக் கணக்கு வந்தது.

இப்போது புதுசா பழசா என்ற கேள்வி மறுபடி எழுந்தது. புதுக் காரின் விலை இறங்கினால் அதன் கீழே இருக்கும் பழைய காரும் இறங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் உடனே இறங்காது. விற்பவர் மனசில் பழைய எண் உட்கார்ந்திருக்கும். அது கரைய நான்கைந்து வாரம் பிடிக்கும் என்று ஊகித்தேன்.

அதே சமயம் ரொம்பவும் காத்திருக்கக் கூடாது என்பதற்கும் காரணம் இருந்தது. ஜனவரியில் 90 ரூபாய்க்குக் கீழே இருந்த யூரோ செப்டம்பரில் 103ஐத் தாண்டிவிட்டது. சொகுசுக் கார் கம்பெனிகள் ஜனவரிக்கு ஜனவரி விலை ஏற்றும்போது சொல்லும் முதல் காரணம் இதுதான். வரியில் கிடைத்த ஐந்தரை சதவீதம் ரூபாய் சரிவில் கரைந்துபோக இரண்டு விலையேற்றம் போதும்.

கல்லூரித் தோழன் ஒருவன் தினமும் போன் செய்து, "மாப்ள, ஐரோப்பாவோட வர்த்தக ஒப்பந்தம் வரப்போகுது, 110 சதவீத இறக்குமதித் தீர்வை மொத்தமா இறங்கும், அவசரப்படாதே" என்றான். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு ராத்திரி தூக்கம் வராமல் யோசித்தபோது ஒன்று உறைத்தது. எம்2 ஜெர்மன் கார்தான், ஆனால் கட்டுவது மெக்சிகோவில், சான் லூயிஸ் போட்டோசி ஆலையில். சேஸிஸ் எண் 3 என்று ஆரம்பிக்கிறது. அது மெக்சிகோவுக்கு உரிய இலக்கம். ஐரோப்பாவோடு போடும் ஒப்பந்தத்தில் சலுகை, ஐரோப்பாவில் உருவான பொருளுக்கு. மெக்சிகோவிலிருந்து வரும் காருக்கு அது எப்படிப் பொருந்தும்? 2026 ஜனவரி 27ல் பேச்சுவார்த்தை முடிந்ததாக அறிவிப்பு வந்தது. தீர்வை படிப்படியாக 10 சதவீதம் வரை, ஆண்டுக்கு 2,50,000 கார்கள் என்ற வரம்போடு. போர்ஷே 911 மாதிரி ஜெர்மனியில் கட்டும் கார் மீது ஆசை இருப்பவர்களுக்குக் காத்திருக்க நியாயம் உண்டு. என் காருக்கு இல்லை.

வீட்டுக்காரி எல்லாவற்றையும் பவுனில் அளப்பவள். 2023 மேயில் பவுன் 45,000 பக்கம் இருந்தது. "அப்ப அந்தக் காரு 217 பவுனுங்க" என்றாள். கார் பணத்தில் பாதிக்கு மேல் தங்கமாகவே வைத்திருக்கலாம் என்று வற்புறுத்தியது அவள்தான். நான் வங்கி டெபாசிட் போதும் என்று சொன்னவன். 2025 அக்டோபரில் பவுன் 90,000ஐத் தாண்டியபோது எதுவும் சொல்லாமல் கணக்கு நோட்டை மட்டும் என் பக்கம் நகர்த்தினாள். அவளுடைய அந்தப் பிடிவாதம் இல்லாவிட்டால் கடன் வாங்கியிருப்பேன். பழைய காருக்கு வங்கி கேட்ட வட்டி புதுக் காரைவிட இரண்டரை சதவீதம் அதிகம்.

அக்டோபர் இரண்டாம் வாரம் மருத்துவருக்குப் போன் செய்தேன். கார் இன்னும் விற்கவில்லை. புதுக் காரின் கணக்கை ஒளிவுமறைவில்லாமல் அவருக்கு வரிவரியாகச் சொன்னேன். வாரண்டி முடிந்துவிட்டது, நீட்டிப்பு எடுக்கவில்லை, பின் டயர் போகப்போகிறது என்பதையும் சொல்லி 84 லட்சம் என்றேன். "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றார். ஒன்பது நாள் பதில் இல்லை. அந்த ஒன்பது நாளும் சாப்பாடு இறங்கவில்லை. இன்னொரு லட்சம் ஏற்றிப் பேசிவிடலாமா என்று பத்து தரமாவது போனைக் கையில் எடுத்தேன். பத்தாம் நாள் அவரே கூப்பிட்டார். 86க்கு முடித்தோம், காரைச் சோதித்துத் திருப்தி என்றால் மட்டும்.

கணபதியில் கராஜ் வைத்திருக்கும் தம்பி ஒருவனைக் கூட்டிக்கொண்டு சேரன் எக்ஸ்பிரஸ் ஏறினேன். அவன் முதலில் கேட்டது 2,000 கிலோமீட்டர் சர்வீஸ் ரசீதை. எம் கார்களுக்கு அந்தத் தூரத்தில் இன்ஜின் ஆயிலும் டிஃபரன்ஷியல் ஆயிலும் கட்டாயம் மாற்ற வேண்டும். மருத்துவர் 1,940லேயே மாற்றியிருந்தார். அடுத்து பெயின்ட் கனம் அளக்கும் கருவியை ஒவ்வொரு பலகையிலும் வைத்துப் பார்த்தான். பின் பம்பர் மட்டும் மறுபடி அடித்தது, மருத்துவர் அதை முன்பே சொல்லியிருந்தார். டயர் பக்கச்சுவரில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் படித்தான், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். நான்கும் 2023தான். தோள் பகுதியில் தேய்மானம் இல்லை, ட்ராக்கில் போட்டு அடிக்கவில்லை. பிறகு ஸ்கேனர் மாட்டி, அரை மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கி, "எடுத்துக்கலாமுங்ணா" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

கடன் இல்லாத கார் என்பதால் உரிமை மாற்றத்துக்கான 29, 30 எண் படிவங்களோடு வேலை முடிந்தது. இன்சூரன்ஸை 14 நாளுக்குள் என் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்தேன். பழையவரின் நோ க்ளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காதவருக்கு இன்சூரன்ஸில் கிடைக்கும் தள்ளுபடி) காரோடு வராது, அது அவருடையது. அந்த வித்தியாசத்தை நான் கட்ட வேண்டியிருந்தது. இதை முன்பே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், நான் சேர்க்கவில்லை.

திரும்பும்போது விழுப்புரம் தாண்டியதும் ஐப்பசி மழை பிடித்தது. பின்சக்கரத்தில் 460 குதிரை, பழகாத கிளட்ச், நனைந்த ரோடு. உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் வரை எண்பதைத் தாண்டவில்லை. லாரிகள் எங்களைத் தாண்டிப்போயின. பக்கத்தில் தம்பி தூங்கிவிட்டான். சங்ககிரி அருகே மழை விட்டு ரோடு காய்ந்திருந்தது. மூன்றாவது கியருக்கு இறக்கி ஒரே ஒரு முறை மிதித்தேன். அந்தச் சத்தத்தில் தம்பி விழித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். நானும் அவனும் பவானி வரைக்கும் பேசவில்லை.

டிசம்பரில் ஆர்சி என் பெயருக்கு மாறி வந்தது. பின் டயர் இரண்டும், 285/30 ஆர்20, பிப்ரவரியில் மாற்றினேன். அம்மாவைக் கூட்டிக்கொண்டு மருதமலை அடிவாரம் வரை போய்வந்தோம்.