உப்பு மணல்னு சொல்லியிருக்க வேண்டாமோ

"கம்பி நல்ல கம்பிதானே மக்களே போட்டோம், பின்ன ஏன் துருப்பிடிச்சு?"ன்னு பாட்டா கேட்டாரு, நானும் யோசிக்காம "மணல்ல உப்பு பாட்டா, கடல் மணல்"னுட்டேன். ரெண்டு வருஷமாச்சு, இன்னும் அந்த பதில்லயே நிக்கிறேன்.

குமரி கடற்கரையில ஒரு மாதா கோயில், சீலிங் பெயர்ந்து பீடத்துக்கு முன்னால விழுந்திருச்சுன்னு டெஸ்ட் பண்ண போனோம். எழுபதுகள்ல மீன்பாட்டுல, அதாவது பிடிச்ச மீன்ல, பங்கு ஒதுக்கி ஒதுக்கி கட்டினது. சிமென்டுக்கும் கம்பிக்கும்தான் காசு, மணல் ஊரே சுமந்தது, பூசை முடிஞ்சு பெண்டுகளும் பிள்ளைகளும் வரிசையா நின்னு கூடை கூடையா கை மாத்தினாங்களாம், அதுல பாட்டாவும் ஒருத்தர். இதெல்லாம் நான் பதில் சொன்னப்புறம்தான் அவர் சொன்னாரு. முன்னாடியே தெரிஞ்சிருந்தா... தெரிஞ்சிருந்தாலும் சொல்லியிருப்பேன்னுதான் நினைக்கிறேன்.

பொய் சொல்லலையே. காத்துல வர்ற உப்புன்னா வெளிய அதிகமா இருந்து உள்ள போகப்போக குறையணும், ஆனா டிரில் பண்ணி எடுத்த கான்கிரீட் பவுடர்ல மேலயும் ஆழத்துலயும் கிட்டத்தட்ட ஒரே அளவு, அதுவும் கான்கிரீட்டுக்கான இந்தியத் தரக்குறியீடு ஐஎஸ் 456 சொல்ற கன மீட்டருக்கு 0.6 கிலோவ தாண்டி. கலக்கும்போதே உள்ள போன உப்பு, வேற வழியில்ல. ஆனா சாம்பிள் எடுத்தது மூணே இடம். கம்பிக்கு கவரும், அதாவது கம்பிய மூடுற கான்கிரீட் கனமும், சில இடத்துல 15 மில்லிமீட்டர்தான், கடலோரத்துக்கு இன்னிக்கு 45 கேக்குறாங்க, அது மேஸ்திரி தப்பு, சுமந்தவங்க தப்பு இல்ல. அதை ஏன் முதல்ல சொல்லல? பாரிஸ் பக்கத்துல லெ ரான்சியில ஒகுஸ்த் பெரேங்கற கட்டடக் கலைஞர் 1923ல கட்டி முடிச்ச கான்கிரீட் கோயிலே உதிர்ந்து ரிப்பேருக்கு போனதுதான், அதையாவது சொல்லியிருக்கலாம்.

பாட்டா "கெணத்து தண்ணியில கழுவித்தானே போட்டோம்"னு மட்டும் சொன்னாரு. கடலோரக் கெணறு, அந்த தண்ணியே எப்படியோன்னு வாய் வரைக்கும் வந்துச்சு, நல்லவேளை முழுங்கிட்டேன்.

ரிப்போர்ட்ல "கட்டுமானப் பொருட்களில் குளோரைடு"ன்னுதான், அதாவது உப்புன்னுதான் எழுதினேன், மணல்னு எழுதல. மனசு இளகி எழுதினேனா பயந்து எழுதினேனான்னு கேட்டா தெரியல. ஒட்டுப்போட்டா பக்கத்துல வெடிக்கும், உப்பு உள்ளயே இருக்கே, அதனால இடிக்கத்தான் சொன்னோம். கல்யாணம், ஊர்க்கூட்டம், ராத்திரி கடல்ல இருந்து திரும்புறவனுக்கு கோபுர லைட்டு, எல்லாம் அந்தக் கட்டடம்தான், ரெண்டு பக்க ரிப்போர்ட்ல முடிச்சிட்டோம்.

கிளம்பும்போது பாட்டா கார் வரைக்கும் வந்து, "புதுசு கெட்டும்போ நாங்க என்ன சுமக்கணும்?"னாரு.

"ஒண்ணும் வேண்டாம் பாட்டா, ரெடிமிக்ஸ் கான்கிரீட், கலந்தே லாரியில வந்துரும்"னேன், என்னவோ நல்ல சேதி சொல்ற மாதிரி.