கொலுவில் தலை திருப்பும் ஆந்தை

கொலுவுக்கு வருகிறவர்கள் நடக்கும் பக்கமெல்லாம் தலையைத் திருப்பிப் பார்க்கும் காகிதக்கூழ் ஆந்தை ஒன்று வேண்டும் என்று என் மகள் மே மாதமே கேட்டுவிட்டாள். கைவசம், நிரல் எழுதி இயக்கக்கூடிய ஆர்டுயினோ ஊனோ என்னும் சிறு மின்னணுப் பலகையும், சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் 9 கிராம் எடையுள்ள எஸ்.ஜி. 90 சர்வோ மோட்டாரும் இருந்தன. ஆள் நடமாட்டத்தை உணர எச்.சி.-எஸ்.ஆர். 501 என்னும் பி.ஐ.ஆர். சென்சார் ஒன்றை, அதாவது உடம்பின் வெப்பக் கதிரை வைத்து அசைவைக் கண்டறியும் கருவியை, வாங்கினேன்.

கண் தலையில்தானே இருக்க வேண்டும் என்று நினைத்துச் சென்சாரை ஆந்தையின் நெற்றியிலேயே பொருத்தினேன். அறையில் யாரும் இல்லாதபோதும் தலை இடமும் வலமுமாக ஓயாமல் ஆடியது. நிரலில் பிழை தேடி இரண்டு இரவுகள் போன பிறகுதான் காரணம் பிடிபட்டது. இந்தச் சென்சாருக்குள் வெப்பக் கதிரை உணரும் இரண்டு துண்டுகள் ஒன்றுக்கொன்று எதிராக இணைக்கப்பட்டிருக்கின்றன. இரண்டின் மீதும் ஒரே அளவு வெப்பம் விழுந்தால் விளைவு ரத்தாகிவிடும், ஒன்றில் கூடி மற்றொன்றில் குறைந்தால்தான் சமிக்ஞை எழும். ஆகவே சென்சாரே திரும்பும்போது சுவர், சன்னல், குளிர்சாதனப் பெட்டி என்று வெவ்வேறு வெப்பமுள்ள பொருள்கள் அதன் முன்னே கடந்து செல்கின்றன. அசையாத அறை முழுவதும் அதற்கு அசைவாகத் தெரிகிறது.

எனவே மேலும் இரண்டு சென்சார்கள் வாங்கி, மூன்றையும் அசையாத பீடத்தில் இடம், நடு, வலம் என்று வைத்து, தலையை மட்டும் திரும்ப விட்டேன். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 100 பாகை அகலத்துக்குப் பார்க்கக்கூடியது என்பதால், ஒருவர் நுழைந்தால் மூன்றும் ஒருசேர விழித்துக்கொண்டன. மின்வயர் பதிக்கும் பிவிசி குழாயைச் சிறு துண்டுகளாக அறுத்து லென்ஸைச் சுற்றிப் பொருத்தினேன், பார்வை குறுகியது. மூன்றில் கடைசியாக எது எழுந்ததோ அந்தத் திசைக்கே தலை திரும்புமாறு நிரலை மாற்றினேன்.

தலை திரும்பும் நொடியில் ஆர்டுயினோ அணைந்து மீண்டும் தொடங்கியது வேறொரு தொல்லை. மோட்டார் கிளம்பும்போது திடீரென இழுக்கும் மின்சாரமே காரணம். மோட்டாருக்குத் தனியே 5 வோல்ட் கொடுத்து, அந்த மின்வழங்கி, ஆர்டுயினோ இரண்டின் தரைக் கம்பியையும் (கிரவுண்ட்) இணைத்து, மின்சாரத்தைச் சற்றே சேமித்து வைத்துத் தரும் 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றைச் சேர்த்ததும் அது நின்றது.

என்னை மிகவும் வியக்க வைத்தது வெயில். காலையில் நன்றாக வேலை செய்த ஆந்தை, சுவரைத் தொட்டாலே சுடும் மதியத்தில் நான் நேரெதிரே நடந்தும் அசையவில்லை. சுவரின் வெப்பமும் என் உடம்பின் வெப்பமும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டால், அதற்கு நான் சுவரில் ஒரு பகுதிதான். ஈரத்துண்டைக் கையில் பிடித்து முன்னே வீசினேன், உடனே திரும்பியது.

நவராத்திரிக்குள் வெயில் தணிந்துவிட்டது. ஆனால் குத்துவிளக்கின் சுடர் காற்றில் ஆடும்போதெல்லாம் ஆந்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தது. விளக்கை நடுக்குழாயின் பார்வையிலிருந்து இரண்டடி தள்ளி வைத்தோம்.