பீத்தோவனும் றோஸ் பாணும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டு வாசலில் பையும் காசுமாக ஐந்து பேர் வந்து நின்றார்கள். ஒழுங்கையின் இரு பக்கமும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். "எங்க தம்பி வண்டி?" என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டார். வண்டி இல்லை. பாணும் இல்லை. விறாந்தை மேசையில் கைக்கு அடக்கமான ஒரு ஸ்பீக்கரும் அதற்குள் பீத்தோவனும்தான் இருந்தார்கள்.

நடந்ததைச் சொல்ல முதல் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் வேண்டுமென்றே செய்தேன் என்று நினைப்பீர்கள். மாமி இன்னமும் அப்படித்தான் நினைக்கிறார்.

நான் பாட்டுப் பைத்தியம். அது பரம்பரை வருத்தம். மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் பழைய வீட்டில் அப்பா டி.எம்.சௌந்தரராஜன் கட்சி, அம்மா பி.சுசீலா கட்சி. இருவரும் சேர்ந்து பாடிய பாட்டு போனால்தான் வீட்டில் சமாதானம். அண்ணன் பொப்பிசைக்காரன். ஏ.ஈ.மனோகரனின் சுராங்கனி எங்கே கேட்டாலும் பால்மாப் பேணியைக் கவிழ்த்துத் தட்டத் தொடங்கிவிடுவான். நான் 'அன்னக்கிளி' வந்த 1976 இற்குப் பல வருடங்கள் கழித்துப் பிறந்தவன். ஆகவே பிறப்பிலேயே இளையராஜா கட்சி. விருப்பமா என்று யாரும் கேட்டுச் சேர்க்கவில்லை.

கரண்ட் இல்லாத இரவுகள் நிறைய இருந்த காலம் அது. கசற் பெட்டி பற்றரியில் ஓடும். பற்றரி இறங்க இறங்கச் சுற்றும் வேகம் குறையும், குரல் தடிக்கும். சுசீலா பல்லவியில் சுசீலாவாகத்தான் தொடங்குவார். சரணம் முடிவதற்குள் டி.எம்.எஸ் ஆகிவிடுவார். அப்பாவுக்கு அதில் ஒரு ரகசிய சந்தோஷம். அம்மா எழும்பிப் போய்ப் பெட்டியை நிற்பாட்டுவார். மறுநாள் அந்தப் பற்றரிகளை அப்பா முற்றத்து வெயிலில் காயப் போடுவார். முற்றத்தில் வெயில் நன்றாக விழும் இடம் ஒன்றுதான். அங்கே ஏற்கெனவே கருவாடு காய்ந்துகொண்டிருக்கும். அந்த நாளில் கேட்ட சில பாட்டுகள் இன்றைக்கும் எனக்கு லேசாக நெத்தலி மணக்கும்.

கொஞ்சம் வளர்ந்த பிறகு டவுனில் உள்ள றெக்கோடிங் பார். கொப்பித் தாளில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுக்க வேண்டும். அறுபது நிமிடக் கசற் என்றால் ஒரு பக்கத்துக்கு அரை மணித்தியாலம். ஆறு பாட்டு போக மிஞ்சும் இடத்தில் ஏழாவதைக் கடைக்கார அண்ணன் எப்படியும் ஏற்றிவிடுவார். அதை அவர் தன் தாராள மனதாக நினைத்தார். ஏழாவது பாட்டு இரண்டாம் சரணத்தின் நடுவில் 'டக்' என்று நிற்கும். எஸ்.ஜானகி ஒரு சொல்லைப் பாதி சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார். இன்று அதே பாட்டை அலைபேசியில் முழுதாகக் கேட்கும்போதும் அந்த இடம் வந்ததும் என் காது 'டக்'குக்காகக் காத்திருக்கிறது. அது வராவிட்டால் பாட்டில் ஏதோ பிழை என்று தோன்றுகிறது.

பஸ்ஸிலும் இதே கதைதான். டவுனில் ஏறினால் பாலம் தாண்டியதும் கல்லடி. அதற்குள் எந்தப் பாட்டு முடியும்? ஒருமுறை கல்முனை பஸ்ஸில் ஸ்வர்ணலதா பாடிக்கொண்டிருந்தார். சரணம் முடியட்டும், அடுத்த ஹோல்ட்டில் இறங்கலாம் என்றிருந்தேன். அடுத்த ஹோல்ட்டில் இன்னொரு ஸ்வர்ணலதா பாட்டுத் தொடங்கிவிட்டது. நடு றோட்டில் வரிசையாகப் பேரீச்ச மரங்கள் தெரிந்த பிறகுதான் காத்தான்குடிக்கு வந்துவிட்டேன் என்று விளங்கியது. வீட்டில் பஸ் பழுது என்று சொன்னேன். "பஸ்ஸில என்ன பாட்டுப் போனது?" என்று மட்டும் மனைவி கேட்டாள்.

இப்படித்தான் என் சங்கீத அறிவு. பாதிப் பாதியாக வந்தது, வேறு ஏதாவது சாமானோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

ஆனால் ஊர்ப் பெயர் பெரியது. மட்டக்களப்பு என்றால் வெளியூர்க்காரருக்கு உடனே பாடும் மீன்தான். "நீங்க கேட்டிருக்கிறீங்களா?" என்பார்கள். நிலாக் காலத்தில் கல்லடிப் பாலத்துக்குக் கிட்டத் தோணியில் போய், துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறு நுனியைக் காதில் வைத்தால் கேட்கும் என்பது ஊர் வழக்கு. 1924 இல் கட்டிய அந்தப் பழைய இரும்புப் பாலத்துக்குக் கீழே நானும் மச்சானும் ஒரு பறுவத்துக்குப் போனோம். அரை மணித்தியாலம் துடுப்பைக் காதில் அழுத்திக்கொண்டிருந்தேன். ஏதோ 'டும் டும்' என்று வந்தது. மயிர் கூச்செறிந்தது. "மச்சான், கேக்குதுடா!" என்றேன். மச்சான் துடுப்பை வாங்காமலே கேட்டான். கரையில் கலியாண வீடு.

கல்லடியில் இருந்துகொண்டு சங்கீதம் பேசினால் விபுலாநந்த அடிகளைத் தாண்டிப் போக முடியாது. காரைதீவில் பிறந்து, மறைந்துபோன யாழைக் கணக்குப் போட்டு மீட்டெடுத்து, 1947 இல் 'யாழ் நூல்' அரங்கேற்றி, அந்த ஆண்டே கண் மூடியவர். சமாதி எங்கள் ஊரில்தான். அவர் பெயரில் அழகியற் கற்கைகள் நிறுவகமும் இங்கேயே இருக்கிறது. அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம் எனக்குக் குற்ற உணர்ச்சி. 'யாழ் நூலை' மூன்று தடவை தொடங்கினேன். மூன்று தடவையும் சுருதிக் கணக்கு வந்த இடத்தில் பக்கத்தை மடித்து வைத்தேன். அந்த மடிப்புகள் ஒன்றுக்கொன்று அதிக தூரத்தில் இல்லை.

சரி, பாணுக்கு வருவோம்.

சுவிஸில் இருந்து தங்கச்சியின் மகன் லீவில் வந்தான். எனக்கென்று ஒரு புளூடூத் ஸ்பீக்கர் கொண்டுவந்தான். ஒரு வாரம் நான் கேட்பதைக் கேட்டுவிட்டு, "மாமா, ராஜா மட்டும் காணாது. அவர் ஆரைக் கேட்டு வளந்தாரோ அவங்களையும் கேக்கணும்" என்றான். நியாயமான பேச்சு. 1986 இல் வந்த 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பை ராஜா தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாஹ்குக்கும் சேர்த்தல்லவா காணிக்கையாக்கினார். அதில் வி.எஸ்.நரசிம்மனின் வயலினை நான் எத்தனையோ இரவு கேட்டிருக்கிறேன். பாஹ் எனக்கு ராஜா வீட்டுக்கு வந்துபோன ஒரு விருந்தாளி, அவ்வளவுதான். மருமகன் ஒரு பட்டியல் போட்டு என் அலைபேசியில் ஏற்றிவிட்டுப் போனான். அதில் முதலாவது பீத்தோவனின் 'ஃபியூர் எலீஸ்'.

ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் நாலரை மணி. வீட்டில் பிளேன்ரீ, விறாந்தையில் காற்று. சத்தத்தை முழுதாகக் கூட்டி வைத்து அழுத்தினேன்.

முதல் ஒன்பது சுரம் விழுந்ததோ இல்லையோ, குசினியில் இருந்து மனைவியின் குரல்: "இஞ்சருங்க, ரெண்டு றோஸ் பாண் வாங்குங்க. நேத்தையதா எண்டு அமத்திப் பாத்து வாங்குங்க!"

வெளியூரில் இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. பாண் என்றால் பேக்கரி ரொட்டி. இலங்கையில் பாண் வண்டி என்பது அதை விற்றுக்கொண்டு வரும், கண்ணாடிப் பெட்டி கட்டிய ஓட்டோ. சிங்களத்தில் இதற்கு 'சூன் பாண்' என்று பெயர், ட்யூன் போட்டு வரும் பாண். அந்த ட்யூன் எது தெரியுமா? இதேதான். காலையிலும் பின்னேரமும், தெருத் தெருவாக, தேய்ந்த ஸ்பீக்கரில், பீத்தோவன். அது பீத்தோவன் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். பேக்கரிக்காரர் யாரோ செய்வித்தது என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

மனைவிக்குப் பதில் சொல்வதற்குள் கேற்றடியில் மாமி. கையில் சொப்பிங் பை. பின்னால் எதிர்வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர், ஒரு காலில் மட்டும் செருப்பு. அவருக்குப் பின்னால், முதலை வடிவக் கிம்புலா பணிஸுக்குக் காசு இறுக்கிப் பிடித்த ஒரு சின்னப் பொடியன். பிறகு இன்னும் இரண்டு பேர். பாண் வண்டியைக் கண்டால் துரத்துகிற ஒழுங்கை நாயும் வந்துவிட்டது. துரத்துவதற்குச் சில்லு இல்லாமல் அது என் சைக்கிளைப் பார்த்துக் குரைத்தது.

"வண்டி இல்ல மாமி. இது பீத்தோவன்" என்றேன்.

"அது எந்தப் பேக்கரி மனே?"

நான் வாயைத் திறப்பதற்குள் பாட்டு அடுத்த பகுதிக்குப் போய்விட்டது. பாண் வண்டியில் ஒருநாளும் வராத பகுதி. சட்டென்று ஒரு வெளிச்சம், விரல்கள் ஓடுகின்றன. எனக்கோ வயிற்றுக்குள் என்னவோ செய்தது. இத்தனை வருடம் பத்து நொடியில் நிற்கிற பாட்டுக்கு இப்படியொரு பின்பக்கம் இருந்திருக்கிறது! றெக்கோடிங் பாரின் 'டக்' ஞாபகம் வந்தது. வாசலில் நின்றவர்களோ முகத்தைச் சுளித்தார்கள். "பாட்டு மாறிட்டு. வண்டி அடுத்த ஒழுங்கைக்குள்ள போயிட்டு போல" என்றார் ஆசிரியர். எல்லோரும் திரும்பி நாலடி நடந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து முதல் மெட்டு திரும்ப வந்தது. அந்தப் பாட்டின் கட்டமைப்பே அப்படித்தான். முதல் மெட்டு நடுவில் ஒருமுறையும் கடைசியில் ஒருமுறையும் மீண்டும் வரும்.

"கிறுகி வருது கா!" என்று மாமி கூவினார். ஐந்து பேரும் திரும்பி ஓடி வந்தார்கள்.

மூன்றாவது பகுதியில் இடக்கை ஒரே சுரத்தை 'தும் தும் தும்' என்று அடிக்கும், வானம் மூடிக்கொண்டு வருவது போல. மீண்டும் கலைந்தார்கள். மீண்டும் முதல் மெட்டு. மீண்டும் வந்தார்கள். மூன்று நிமிடத்துக்குள் அந்த ஒழுங்கை இரண்டு தடவை போய் இரண்டு தடவை வந்தது. நிற்பாட்டியிருக்கலாம்தான். ஆனால் அன்றைக்குத்தான் முதல்முறையாக அதை முழுதாகக் கேட்கிறேன். நீங்களாக இருந்தால் நிற்பாட்டுவீர்களா?

முடிந்த பிறகு விளக்கம் சொல்லத் தொடங்கினேன். "இது 1810 இல எழுதின பாட்டு சேர்." ஆசிரியர் செருப்பில்லாத காலைத் தட்டிக்கொண்டு சொன்னார்: "அப்ப நேத்தையப் பாணை விடப் பழசு." பீத்தோவன் 1827 இல் இறந்து நாற்பது வருடம் கழித்து, 1867 இல்தான் இது அச்சில் வந்தது என்பதையும் சொல்லலாம் என்றிருந்தேன். யாரும் நிற்கவில்லை. பணிஸ் பொடியன் மட்டும் நின்று என்னை முறைத்தான்.

மனைவி வெளியே வந்தாள். "ஆருக்கு எழுதினதாம்?"

"எலீஸ் எண்டு ஒரு பொம்பிளைக்கு. ஆரெண்டு இன்னும் ஆராய்ச்சிக்காரர் சண்டை பிடிக்கிறாங்க."

"அவர்ர வீட்டுக்காரிக்குத் தெரியாதா?"

"அந்தாள் கலியாணமே கட்டல்ல."

"அதுதானே பாத்தன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஐந்து மணிக்கு உண்மையான பாண் வண்டி வந்தது. அதே ஒன்பது சுரம். ஒரு கதவும் திறக்கவில்லை. புலி வருது கதைதான். எல்லா வீட்டிலும், "அது அந்தப் பாட்டுக்காரன்ட வேலை, சும்மா இருகா" என்று சொல்லியிருப்பார்கள். நாய்கூடப் படுத்த இடத்தில் இருந்து தலையை மட்டும் தூக்கிப் பார்த்தது. வண்டிக்காரத் தம்பி மூன்று முறை ஒழுங்கையைச் சுற்றினார். கடைசியில் என் வாசலில் நிறுத்தி, "அண்ணே, நீங்களும் யாவாரம் தொடங்கிட்டீங்களாம், உண்மையா?" என்றார்.

வெட்கத்தில் ஆறு றோஸ் பாண் வாங்கினேன். மூன்று நாளைக்கு எங்கள் வீட்டில் பாணும் சம்பலும், பிறகு சுட்ட பாணும் சம்பலும், பிறகு சம்பல்.

காசு கொடுக்கும்போது அவருக்கு முழுப் பாட்டையும் போட்டுக் காட்டினேன். ஹேண்டிலில் கையை வைத்தபடி கேட்டார். இரண்டாம் பகுதி வந்ததும் தன் வண்டி ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தார், அது இத்தனை நாளும் தன்னிடம் எதையோ மறைத்து வைத்திருந்தது போல. "இதுக்கு மறுகாவும் இரிக்கா அண்ணே? ஏழு வருசமா இதோடதான் திரியிறன்" என்றார். வட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன்.

அடுத்த ஞாயிறு பின்னேரம் பாண் வண்டி முழு 'ஃபியூர் எலீஸ்' பாடிக்கொண்டு ஒழுங்கைக்குள் வந்தது. நான் விறாந்தையில் எழுந்து நின்றேன். வண்டி மாமி வீட்டடிக்கு வரும்போது சரியாக மூன்றாவது பகுதி, அந்த இடக்கைத் 'தும் தும் தும்'. மாமி பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து கத்தினார்: "தம்பி, நிப்பாட்டு நிப்பாட்டு! எஞ்சினுக்குள்ள என்னவோ அடிபடுது!"

திங்கட்கிழமையே பழைய பத்து நொடிக்குத் திரும்பிவிட்டார். என் வாசலுக்கு வரும்போது மட்டும் அலைபேசியை மாற்றி இரண்டாம் பகுதி முடியும்வரை ஓடவிடுகிறார். ஓடவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார். அதைக் கேட்டுவிட்டு வாங்காமல் உள்ளே போக மனம் வருவதில்லை, தினமும் ஒரு றோஸ் பாண். எனக்குச் சீனி வருத்தம் என்பதை இனி அவரிடம் எப்படிச் சொல்வது?